பாவற்காய்ச் சாறும் பஸ் சீட்டும்

இன்று காலை தாதி என் கையில் பிரஷர் பட்டியைச் சுற்றி இறுக்கியதும் உமது நினைப்பு வந்துவிட்டது. ஸ்பிரிட் மணத்தோடு அந்தப் பட்டி விம்ம விம்ம எனக்கும் நெஞ்சு விம்மியது. துக்கத்தில் என்று நினைத்துவிடாதையும். பொறாமையில்தான்.

கனரக வாகன லைசென்ஸ் புதுப்பிக்க நாம் இருவரும் ஒன்றாக இதே இடத்துக்கு வந்த நாளை நீர் மறந்திருக்கமாட்டீர். கண், காது, பிரஷர், இரத்தத்தில் சீனி எல்லாம் பார்த்து வைத்தியச் சான்றிதழ் தந்தால்தான் எங்கள் தொழில். அப்போது நான் பாலம் கடந்து தீவுக்கு ஓடும் குறிகட்டுவான் பஸ்ஸின் சாரதி, நீர் லொறிக்காரர். சோதனைக்கு முன் சீனியை இறக்க எங்கள் சாரதிகள் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். ஒரு கிழமையாகப் பாவற்காய்ச் சாறு, சோறு இல்லை, தேத்தண்ணிக்குச் சீனி இல்லை. சோதனைக்கு முதல் நாள் மத்தியானத்துக்குப் பிறகு வெறும் தண்ணீர்தான். நீரோ வழியில் சரவணையில் ஒரு கடையில் இறங்கிப் புட்டையும் மீன்குழம்பையும் ஒரு பிடி பிடித்தீர்.

"வந்து சாப்பிடும் காணும். உந்தச் சாறைக் குடிச்சு என்ன கண்டனீர்?" என்றீர்.

விரலில் ஊசி குத்த முன்னரே நான் தாதியின் காலடியில் விழுந்தேன். கண் விழித்தபோது வைத்தியர் சொல்லிக்கொண்டிருந்தார்: "மயங்கி விழுற ஆளிட்டை பஸ்ஸைக் குடுக்க ஏலாது. ஏன் மயக்கம் வந்ததெண்டு ஆஸ்பத்திரியிலை காட்டிப்போட்டுப் பிறகு வாங்கோ."

உமக்கு எல்லாம் சரி. "அறப்படிச்ச பல்லி கூழ்ப்பானைக்குள்ளை விழுந்த கதைதான் உம்மடை கதை" என்று திரும்பும் வழியெல்லாம் சிரித்தீர். அந்தக் கிழமையே முதலாளி என் பஸ்ஸை உம்மிடம் கொடுத்தார்.

"பாஸ் பண்ணிப்போட்டு வாரும். சீட் உமக்குத்தான்" என்றீர். நான் அதை நக்கல் என்றே எடுத்தேன். உம்மிடம் கேட்டு வாங்குவதா என்று, மறுபடி சோதனைக்குப் போகாமல் வாடகைக்கு ஓட்டோ ஓடினேன். மடத்துவெளி ரோட்டில் என் பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு என்னைக் கடக்கும்போதெல்லாம் வயிறு எரிந்தது. போதாததற்கு என் மனைவியே ஒருநாள் உமது பஸ்ஸில் வந்து இறங்கி, "பாலத்திலை ஒரு குலுக்கம் இல்லையப்பா, பூப்போலை கொண்டு வந்தவர்" என்றாள். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எல்லாச் சோதனையிலும் தேறிய உம்மை ஒரு விடியற்காலையில் நெஞ்சுவலி கொண்டுபோனது. செத்த வீட்டில் தீவுச் சனம் முழுக்க நின்றது. எனக்கு இவ்வளவு பேர் வருவார்களா என்றுதான் யோசித்தேன். அதிலும் எரிச்சல். பிறகு பஸ்ஸை எடுக்கச் சொல்லி முதலாளி ஆள் அனுப்பினார்.

இன்று புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனேன். முதலில் பிரஷர் ஏறி நின்றது. "என்ன யோசனை?" என்றார் வைத்தியர். "ஒண்டுமில்லை" என்றேன். வெளியில் மர வாங்கில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வரச் சொன்னார். மறுபடி பார்த்தபோது இறங்கியிருந்தது. சான்றிதழ் கையில் கிடைத்ததும் நேரே பஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன்.

நீர் என்னைவிட நல்ல உயரம். சீட்டைப் பின்னுக்குத் தள்ளிப் பூட்டியிருப்பீர், எனக்குக் கால் எட்டாது என்று நட்டுக் கழற்றும் சாவியோடுதான் ஏறினேன். கால் கிளச்சில் சரியாகப் போய் நின்றது.

"சீட்டை ஆர் முன்னுக்கு எடுத்தது?" என்று கொண்டக்டரைக் கேட்டேன்.

"ஒருத்தரும் எடுக்கேல்லை அண்ணை. நீங்கள் விட்ட மாதிரியேதான் கிடக்கு. முழங்கால் ஸ்டியரிங்கிலை இடிக்குது, தள்ளி விடட்டோ எண்டு நான் அவரிட்டைக் கேட்டனான். அவன் வந்தால் கால் எட்டாது, கிடக்கட்டும் எண்டு சொல்லிப்போட்டார்."

இத்தனை காலமும் முழங்கால் இடிபட இடிபட ஓடியிருக்கிறீர். நானாக இருந்திருந்தால் முதல் நாளே சீட்டைத் தள்ளியிருப்பேன். இதிலும் என்னை முந்திவிட்டீர். இந்தப் பொறாமை இனி எனக்குத் தீராது. அதையும் ஏற்றிக்கொண்டுதான் பாலத்தைக் கடக்கப்போகிறேன். குலுக்காமல் எடுக்கப் பார்க்கிறேன்.