பத்து லட்சத்து ஒன்பது

12-9-76, ஞாயிறு
காலையில் தூறல். சைக்கிள் டியூப் ஒட்ட வேண்டும். ரேஷனில் மண்ணெண்ணெய் இல்லை.

பள்ளிக் கணித மன்றத்துக்குச் சுவர்த்தாள்: பத்து லட்சத்தை ஒட்டிய பகா எண்கள்.
1000001: 101-ஆல் வகுபடும்.
1000003: பகா எண்.
1000007: 29-ஆல் வகுபடும்.
1000009 மட்டும் பிடி கொடுக்கவில்லை. ஆயிரம் வரையுள்ள பகா எண்கள் 168. அத்தனையாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். 200 முதல் 400 வரை மனைவி கனகத்துக்கு. என்னைவிட வேகம் அவள். அரிசி களைந்துகொண்டே போட்டாள்.

13-9, திங்கள்
முடிந்தது. எதனாலும் வகுபடவில்லை. பகா எண்தான். சிவப்பு மையில் எழுதி, கீழே என் பெயர்.

தலைமையாசிரியர்: "வெள்ளிக்கிழமை மன்றத்துல நீங்களே பேசிடுங்க சார். கல்வி அதிகாரி வராரு."

டெய்லர் புதுச் சட்டை தைத்தானா, கேட்க வேண்டும்.

15-9, புதன்
படப்பையிலிருந்து பஸ்ஸில் வரும் புதிய கணக்கு டீச்சர், ஸ்டெல்லா. சுவர்த்தாள் முன் வெகுநேரம் நின்றார். பிறகு ஒரு துண்டுத்தாள்.

1000² + 3² = 1000009
972² + 235² = 1000009

"ஒரு பகா எண்ண ரெண்டு வர்க்கத்தோட கூட்டலா ஒரே ஒரு விதமாத்தான் சார் எழுத முடியும். இது ரெண்டு விதமா வருதே. இதுலேர்ந்து காரணியும் எடுத்துட்டேன். 293."

293 × 3413. மூன்று தடவை பெருக்கினேன். காது சுட்டது. நன்றிகூடச் சொல்லவில்லை.

வீட்டில் நோட்டைப் புரட்டினால், 293: மீதி 3. கனகத்தின் கையெழுத்து. கத்திவிட்டேன்.

அவள் நிதானமாக: "அன்னிக்கே வந்து சொன்னேனே, மீதி ஒண்ணும் வரலைங்கன்னு. நோட்டக்கூட பாக்காம 'ஒழுங்கா போடு'ன்னு எரிஞ்சி வுழுந்தீங்க. திருப்பிப் போட்டேன், அதேதான் வந்துச்சி. உங்களுக்கு மீதி வோணும், நான் இன்னா பண்றது? மூணுன்னு எழுதி வுட்டேன்."



16-9, வியாழன்
நல்ல வெயில். தலைமையாசிரியரிடம் சொன்னேன். "அதிகாரி இன்னா, உக்காந்து வகுத்துப் பாக்கப் போறாரா? வுடுங்க சார்."

விட்டுவிடலாம். ஸ்டெல்லா டீச்சர் யாரிடமும் சொல்லவில்லை. அதுவே உறுத்துகிறது.

கனகத்திடமிருந்து காபி மட்டும் வந்தது.

17-9, வெள்ளி
மன்றம். சொல்லிவிட்டேன். சிவப்பு வரியை அடித்துவிட்டுக் கரும்பலகையில் 293 × 3413. தவறு என்னுடையது; நிரூபணம் ஸ்டெல்லா டீச்சருடையது; முதலில் கண்டது என் மனைவி கனகவல்லி. பின்வரிசையில் சிரிப்பு. தலைமையாசிரியர் முகம் சரியில்லை. அதிகாரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, ஜீப் வந்துவிட்டதா என்றார்.

வீட்டில் சொன்னேன்.

"எம் பேரயா? அத்தினி பேரு மின்னாலயா?" அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அங்கிருந்தே: "அந்த 3413-ஐயும் வகுத்துப் பாத்தேன். 53 வரிக்கும் போட்டாச்சி. எதுலயும் போவல."

நோட்டு எங்கே என்றேன். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். சரி.