போர்ட் என்ற வீட்டுப் பெயர்

ஜெயமணியின் நைனாவுக்கு,

நீங்கள் உயிரோடு இருந்தபோது உங்களுக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. சித்தூரை விட்டு எங்கே போனீர்கள், எழுதுவதற்கு? இப்போது போன இடத்துக்குத் தபால் கிடையாது என்று தெரிந்தும் எழுதுகிறேன். வேறு யாரிடம் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

முதலில் ஊர்ச் செய்தி. எல்லைப் பேச்சு முடிந்துவிட்டது. திருத்தணி மெட்ராஸ் பக்கம் போய்விட்டது, நாம் ஆந்திராவிலேயே இருக்கிறோம். உங்கள் தம்பி அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். நீங்கள் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்த பள்ளிக்கூடத்தில் தமிழ் வகுப்பை மூடிவிட்டார்கள். பிள்ளைகள் போதவில்லையாம். உங்கள் மகள் இனிமேல் தெலுங்கில்தான் படிக்க வேண்டும்.

வகுப்பை மூடிய சேதி கேட்டதும் உங்கள் தம்பி ஓடி வந்தார். "கொழந்தைய என்கூட அனுப்பிடுங்க அண்ணி. திருத்தணில எங்க பசங்களோட தமிழ்லயே படிச்சிக்கினு இருக்கட்டும். நீங்க ஒண்டியா என்னா பண்ணுவீங்க?" என்றார். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. அனுப்பினால் அவளுக்குத் தமிழ் மிஞ்சும், எனக்கு யார் மிஞ்சுவார்கள்? "முடியாதுப்பா" என்று மட்டும் சொன்னேன். ஆற்றி வைத்த காபியைத் தொடாமலே எழுந்து போனார். நான் சொன்னது அவளுக்காகவா, எனக்காகவா? நீங்கள் இருந்தால் ஒரு வார்த்தையில் முடிவு சொல்லியிருப்பீர்கள்.

சாப்பாட்டு நேரத்தில் நீங்கள் அவளோடு ஆடிய ஆட்டம் நினைவிருக்கிறதா? தெலுங்குக்காரர்களுக்குப் பெயருக்கு முன்னால் ஓர் இன்டிபேரு உண்டு. அந்த வீட்டுப் பெயர் ஒன்றாக இருந்தால் பங்காளிகள், பெண் கொடுக்கவும் மாட்டார்கள், எடுக்கவும் மாட்டார்கள். நமக்கு அந்த வழக்கம் கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்தோடு சரி. ஆனால் அதை வைத்துக்கொண்டுதான் நீங்கள் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தீர்கள். "இம்போர்ட், எக்ஸ்போர்ட், டிரான்ஸ்போர்ட், போர்ட்டர், எல்லாத்துக்கும் இன்டிபேரு போர்ட். லத்தீன்ல சுமக்கறதுன்னு அர்த்தம். பொறந்த வீடு லத்தீன், பொழைக்க வந்த எடம் இங்கிலீஷ்" என்பீர்கள்.

"அப்போ இம்போர்ட்டும் எக்ஸ்போர்ட்டும் கட்டிக்கக் கூடாதா நைனா?" என்று கேட்பாள்.

"கூடவே கூடாது. போதகர் தாலி எடுத்துக் குடுக்க மாட்டாரு" என்று முகத்தை இறுக்கிக்கொண்டு பதில் சொல்வீர்கள். ரசம் ஆறுகிறது என்று நான் கத்திக்கொண்டிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் புறப்பட்டால் அவளைத் தோளில் ஏற்றிக்கொண்டு, "நைனாதான் உனக்கு போர்ட்டர்" என்று நடப்பீர்கள். வளர்ந்த பெண்ணைத் தூக்காதீர்கள், மூச்சு வாங்குகிறது என்று எத்தனை முறை சொன்னேன், கேட்டீர்களா?

போன வாரம் தெலுங்கு வகுப்பில் சேர்க்கக் கூட்டிப்போனேன். புது ஹெட்மாஸ்டர் நல்ல மனிதர்தான். குழந்தையைப் பார்த்து, "மீ இன்டிபேரு ஏமம்மா?" என்று கேட்டார். எங்களுக்கு அதெல்லாம் இல்லை என்று சொல்ல, வேலூர்க்காரி நான் தெலுங்கில் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவள் சொல்லிவிட்டாள், "போர்ட், சார்." அவர் கொஞ்சம் யோசித்தார். கிறிஸ்தவர்களுக்கு இப்படியும் பெயர் இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, அப்படியே எழுதிக்கொண்டார். போர்ட் ஜெயமணி.

வெளியே வந்து, "ஏன்டி அப்டி சொன்னே?" என்று அதட்டினேன்.

"நம்ம இன்டிபேரு அதானேம்மா? நைனாதானே என்னைத் தூக்கிக்கினு போவாரு."

நடுத்தெருவில் நின்று அழுதேன். நீங்கள் போன நாளில்கூட அப்படி அழவில்லை.

திருத்தச் சொல்லலாம் என்று மறுநாள் போனேன். கேட் வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன். அது இல்லையென்றால் வேறு எது என்று அவர் கேட்டால் நான் என்ன சொல்வேன்?

இப்போது வகுப்பில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவளுக்கு அதில் பெருமை. தெலுங்கு எழுத்துதான் கைக்கு வரவில்லை. சாயங்காலமானால் ஸ்லேட்டை வைத்துக்கொண்டு அழுகிறாள். எனக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியவில்லை. அவள் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான் என்னால் முடிகிறது.

ஒன்று மட்டும் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் தமிழ் பைபிளை ஞாயிறுதோறும் அவளை உரக்கப் படிக்க வைப்பேன். அந்தப் பெயரை மாற்றச் சொல்லி யாரிடமும் போக மாட்டேன். உங்களைப் போல் தோளில் தூக்கிக்கொண்டு போக எனக்குத் தெம்பில்லை. கையைப் பிடித்து நடத்தித்தான் கூட்டிப்போவேன். பாதி வழியில் விட்டுவிட மாட்டேன்.

இப்படிக்கு,
போர்ட் ஜெயமணியின் அம்மா