தலைகீழாய் நின்ற கடல் சேறு

அன்புள்ள அப்பாவுக்கு,

முட்டி வலி குறைஞ்சுதா? நான் நல்லா இருக்கேன்பா, சும்மா சொல்லலை. ஆய்வுக்கூடத்துல பாட்டில் கழுவுற வேலைதான். ஆனா எல்லாம் கடல் தண்ணி எடுத்த பாட்டில்!

நேத்து ஒரு நீளக் குழாய்ல கடலடிச் சேறு வந்துச்சு. மேல இருக்கிறது புதுசு, அடியில இருக்கிறது ஆயிரம் வருஷம் பழசு. இத்தனை நாள் வீடியோல மட்டும் பார்த்தது! ஆசையில தூக்கிப் பார்த்துட்டு, தலைகீழா வச்சுட்டேன். மேல் சேறு மொத்தமும் கலங்கிப்போச்சு.

"எந்த அறிவாளி பண்ணின வேலை இது?"ன்னு ஆய்வுக்கூட மேடம், குழாயெல்லாம் அடுக்கி வைக்கிற ஸ்டோர் அக்காவைத் திட்டித் தீர்த்துட்டாங்க. இங்க என்கூட உக்காந்து சாப்பிடுறது அந்த அக்கா மட்டும்தான். நான் வாயே திறக்கலைப்பா.

இதோ மேடம் வந்தாச்சு, நான்தான்னு போய்ச் சொல்லிடுறேன். நீங்க பார்சல் டப்பாவுல 'இந்தப் பக்கம் மேலே'ன்னு எழுதுவீங்களே, அந்தத் தடி மார்க்கர் ரெண்டு அனுப்புங்க. வேலை போச்சுன்னா போன் பண்றேன், அனுப்ப வேண்டாம்.

உங்க பொண்ணு