உமாவுக்குப் போட்ட இலை

நான் ஒருமுறைகூட நேரில் பார்த்திராத என் உமா அக்காவுக்கு,

கல்யாணத்துக்கு முதல் நாள் உன் படத்தின் முன்னால் என்னை நிறுத்தி, "அக்கான்னு கூப்பிட்டு வேண்டிக்கோம்மா" என்றார் அத்தை. முதலில் உனக்கு மாமியார், இப்போது எனக்கும் மாமியார். அன்றிலிருந்து நீ அக்கா. ஆனால் நீ முப்பத்தாறு வயதிலேயே நின்றுவிட்டாய். எனக்குப் போன ஆனியில் நாற்பது முடிந்தது. அதனால் உன்னை நீ என்றுதான் எழுதப்போகிறேன். கோபித்துக்கொள்வதானால் கோபித்துக்கொள்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆறு வருஷமாக எனக்கு உன்மேல் பொறாமை. வருத்தம், மரியாதை என்றெல்லாம் வேறு பெயர் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. சுத்தமான வயிற்றெரிச்சல். செத்தவள்மேல் என்ன பொறாமை என்று கேட்பவர்கள் யாரும் இரண்டாம் தாரமாக வாழ்ந்து பார்த்ததில்லை. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். பக்கத்தில் கட்டிப்போட்ட கன்றுக்குட்டியை யார் விலை கேட்கிறார்கள்?

மற்ற மாதங்களில் எப்படியோ ஓட்டிவிடுவேன். குளிர் வந்தால்தான் இந்த வெளிநாட்டுப் பிஸ்கட்டவே ஊர் வீட்டில் நீ சட்டமாக வந்து உட்கார்ந்துகொள்கிறாய். வண்டி டிக்கியில் ஒரு மண்வாரி, ஒரு கம்பளி, பூனைகள் வெளிக்குப் போகப் போடும் மண் ஒரு மூட்டை. நம் வீட்டில் பூனையே கிடையாது. எதற்கு என்று கேட்டேன். "சக்கரம் ஐஸ்ல சுத்திக்கிட்டே நின்னுடுச்சுன்னா அடியில தூவணும். பிடிமானம் கிடைக்கும். உமாவோட ஐடியா" என்றார் அவர்.

வந்த புதிதில், கண்ணாடியில் உறைந்திருந்த பனியைக் கரைக்க ஒரு வாளி வெந்நீரோடு கிளம்பினேன். வேலூர்க்காரிக்கு வேறென்ன தோன்றும்? ஓடி வந்து வாளியைப் பிடுங்கினார். "கண்ணாடி விரிசல் விட்டுடும். உமா எப்பவும் சுரண்டித்தான் எடுப்பா." ரோடு நன்றாக இருந்தாலும் பாலம் முதலில் உறைந்துவிடும், உமா சொல்வாள். வெள்ளைப் பனியைவிடக் கறுப்பு ஐஸுக்குத்தான் பயப்பட வேண்டும், உமா சொல்வாள். வழுக்கினால் பிரேக்கை மிதிக்காதே, உமா சொல்வாள். நீ லைசென்ஸை முதல் தடவையிலேயே வாங்கினாயாம். எனக்கு மூன்றாவது தடவை.

இவ்வளவும் தெரிந்த நீதான் ஐஸில் போனாய். அதைக் கேட்டுக்கூட எனக்கு ஆறுதல் கிடைக்கவில்லை, ஏனென்றால் நீ தப்பாக ஓட்டிப் போகவில்லை. உன் மகள் அனுவைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பும்போது, நெடுஞ்சாலைப் பாலத்தின் மேல் வண்டி வழுக்கியது. பக்குவமாகத் திருப்பி ஓரமாக நிறுத்திவிட்டாய். உன்மேல் ஒரு கீறல் இல்லை. முன்னால் மோதி நின்ற வண்டியில் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள் என்று இறங்கிப் போனாய். மூன்றாவதாக வந்த வண்டியும் வழுக்கியது. "உள்ளயே இருந்திருந்தா..." என்று இன்றுவரை அவர் அந்த வாக்கியத்தை முடித்ததில்லை. யாருக்கோ உதவப் போய் உயிரை விட்டவள் என்று ஊரே சொல்கிறது. சாவில்கூட என்னை முந்திக்கொண்டாயே அக்கா, இது நியாயமா?

இன்னொன்றும் உண்டு, இதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. அவர் என்னைத் திட்டியதே இல்லை. சாம்பாரில் உப்பு அள்ளிப் போட்டாலும் "பரவால்ல ஜெயந்தி". வண்டியைக் கராஜ் கதவில் இடித்தாலும் "பரவால்ல". இந்த நாகரிகத்தை நான் நல்ல குணம் என்று நினைத்திருந்தேன், அனு ஒருநாள் வாய் தவறிச் சொல்லும்வரை. "அப்பாவும் அம்மாவும் கார்ல செமயா ஃபைட் பண்ணுவாங்க ஆன்ட்டி. லைக், எவ்ரி டே. யூ கைஸ் ஆர் ஸோ பொலைட்." அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. உன்னோடு சண்டை போட்டவர் என்னை விருந்தாளி மாதிரி வைத்திருக்கிறார் என்று அன்றுதான் புரிந்தது.

பனி பெய்யும் நாளில் வேலையிலிருந்து நான் பத்து நிமிஷம் தாமதமாக வந்தால் ஜன்னலில் நிற்பார். முதல் வருஷம் எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. இரண்டாம் வருஷம், கதவைத் திறந்துகொண்டே "வந்துட்டியா உமா" என்றார். அவர் சொன்னது அவருக்கே தெரியாது. அனுவுக்குக் கேட்டது, எனக்கும் கேட்டது. அதற்கப்புறம் அந்த ஜன்னலைப் பார்த்தாலே எரிச்சல். அவர் யாருக்காக நிற்கிறார் என்று தெரிந்துவிட்டதே.

நான் எப்படிப் பழிவாங்கினேன் தெரியுமா? தை மாதத் தேய்பிறையில் உன் திதி வரும். சுமங்கலியாகப் போனவள் என்பதால், வெளி வீட்டுச் சுமங்கலி ஒருத்தியை உன் இடத்தில் உட்கார வைத்து, இலை போட்டு, சாப்பாடு போட்டு, புதுப்புடவை, வளையல், மஞ்சள் குங்குமம் கொடுப்பது உங்கள் குடும்ப வழக்கம். மருமகள் பரிமாற வேண்டும், உட்காரக் கூடாது. உன் தோழி மாலாதான் வருஷா வருஷம் பக்கத்து ஊர் எடிசனிலிருந்து வந்து உட்காருவாள். புடவை எடுக்கும் பொறுப்பு என்னுடையது. உன் படத்தை மனத்தில் நிறுத்தி, உன் நிறத்துக்குக் கொஞ்சமும் எடுக்காத புடவையாகப் பார்த்து எடுப்பேன். ஒரு வருஷம் காவி, ஒரு வருஷம் சாம்பல். இந்த வருஷம் வாந்தி எடுத்த மாதிரி ஒரு பாசிப்பயறுப் பச்சை. மாலா வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டு போவாள்.

இந்த வருஷத் திதி போன வாரம்தான். விடியற்காலையிலிருந்து மழை. மழை என்றால், விழுந்த இடத்திலேயே உறைகிற மழை. ஏழு மணிக்கு மாலா கூப்பிட்டாள்.

"ஜெயந்தி, எங்க வாசல் டிரைவ்வேயே கண்ணாடி மாதிரி இருக்கு. ஸ்கூல்லாம் டிலே. நான் வரல. நீயே உட்காந்துடு, உமா ஒண்ணும் நெனச்சுக்க மாட்டா."

உன் இலையில் நானா? எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. ஆறு வருஷமாக உன் வீடு, உன் சமையலறை, உன் மண்மூட்டை. உன் இலை மட்டும்தான் பாக்கி. அதோடு, இத்தனை வருஷம் தவறாத திதி இவள் கையில் தவறிப்போச்சு என்று அத்தை ஒரு வார்த்தை சொல்லிவிட்டால்? போய் மாலாவை நானே கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சாவியை எடுத்தேன். அவர் மாடியில் மீட்டிங்கில் இருந்தார். அனு சமையலறையில் பாலில் போட்ட சீரியல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆன்ட்டி, ஆர் யூ சீரியஸ்? இட்ஸ் ஃப்ரீஸிங் ரெயின்."

"இதோ இருக்கற எடிசன். பதினஞ்சு நிமிஷம்."

"அப்பாக்குத் தெரியுமா?"

கதவைச் சாத்தினேன்.

எடிசன்வரை எங்கே போனேன்? வீட்டிலிருந்து அரை மைலில், ஓடைமேல் ஒரு சின்னப் பாலம் இருக்கிறதே, அதுவரைதான். ரோடு கறுப்பாக, வெறுமனே நனைந்த மாதிரி இருந்தது. வெள்ளையாக இருந்திருந்தால் பயந்திருப்பேன். பாலத்தில் ஏறியதும் வண்டியின் பின்பக்கம் தனியாகக் கிளம்பியது. பிரேக்கை மிதிக்கக் கூடாது என்று உன் சட்டம் எனக்கு மனப்பாடம். கால் கேட்டால்தானே? மிதித்தேன். ஸ்டீயரிங் நூல் அறுந்த ராட்டினம் மாதிரி கையில் சும்மா சுற்றியது. வண்டி பாதி திரும்பி, கைப்பிடிச் சுவரில் உரசி நின்றது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

மூச்சு விடுவதற்குள் பின்னால் ஒரு சாம்பல் வண்டி வழுக்கிக்கொண்டு வந்து எதிர்ச் சுவரில் மோதியது. ஓட்டியவர் ஒரு வெள்ளைக்காரத் தாத்தா. நெற்றியைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். விரலிடுக்கில் ரத்தம்.

அக்கா, அப்போது என் மனதில் ஓடியதை உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடியும். அந்தத் தாத்தாமேல் எனக்கு இரக்கம் வந்தது உண்மை. ஆனால் அதற்கு முன்னால் வந்தது வேறு. நீ இறங்கினாய். நானும் இறங்கினால் என்னையும் உதவப் போனவள் என்று சொல்வார்கள். உள்ளேயே உட்கார்ந்திருந்தால், உமா இறங்கினாள், இவள் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள் என்பார்கள். பெல்ட்டைக் கழற்றிவிட்டேன். கை கதவுப் பிடியில் இருந்தது.

காரின் ஸ்பீக்கரில் போன் அடித்தது. அனு.

"ஆன்ட்டி, உங்க புள்ளி மூவ் ஆகல. மேப்ல பாத்துட்டே இருக்கேன். என்னாச்சு?"

சொன்னேன். அந்தத் தாத்தாவைப் போய்ப் பார்க்கப்போகிறேன் என்றும் சொன்னேன்.

"நோ! டோன்ட் கெட் அவுட்!" அந்தக் குழந்தை அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. "பெல்ட் போடுங்க. ஹஸார்ட் லைட் போடுங்க. அவருக்கு ஆம்புலன்ஸ் நான் கால் பண்றேன். அம்மா இறங்கினாங்க. நீங்க இறங்காதீங்க. ப்ளீஸ். என்னால ரெண்டு தடவ முடியாது."

பெல்ட்டை மாட்டினேன். அது சொடுக்கென்று பூட்டிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. தாத்தா என் பக்கம் திரும்பியபோது, உள்ளேயே இருங்கள் என்று கையைக் காட்டினேன். அவரும் கையைத் தூக்கினார்.

அப்புறம் ஒரு பிக்கப் டிரக் வந்தது. சத்தமே இல்லை. பக்கவாட்டில், அவசரமே இல்லாமல், எங்கள் இரண்டு வண்டிக்கும் நடுவே வழுக்கிக்கொண்டு போனது. என் பக்கத்துக் கண்ணாடியைப் பெயர்த்துக்கொண்டு, கதவில் ஒரு நீளக் கோடு போட்டுவிட்டு, பாலத்தைத் தாண்டிப் புதரில் நின்றது. நான் இறங்கியிருந்தால் எங்கே நின்றிருப்பேனோ, அந்த இடத்தின் வழியாகத்தான் போனது. ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அனு லைனிலேயே இருந்தாள். அவளும் அழுதாள்.

போலீஸ் வந்து பாலத்தை இரண்டு பக்கமும் அடைத்து, ஐஸைக் கரைக்கும் உப்பு லாரியை வரவழைத்தது. டிரக் ஓட்டியவருக்கு ஒன்றுமில்லை, தாத்தாவுக்கு நெற்றியில் நாலு தையல். அதற்குள் வீட்டுப் பக்கமிருந்து ஓர் ஆள் நடந்து வந்துகொண்டிருந்தார். ஒரு கையில் சமையலறைக் கல்லுப்புப் பாக்கெட். இரண்டு அடிக்கு ஒருமுறை முன்னால் உப்பைத் தூவி, அதன்மேல் கால் வைத்து, மறுபடி தூவி. அரை மைலும் அப்படியே வந்திருக்கிறார். காலில் வீட்டுச் செருப்பு.

போலீஸ்காரர் என்னை இறக்கிவிட்டார். "பரவால்ல ஜெயந்தி" வரும் என்று காத்திருந்தேன்.

"அறிவிருக்காடி உனக்கு?" என்றார். பாலம் முழுக்கக் கேட்டது. "யாரைக் கேட்டு வண்டிய எடுத்த? செத்துப்போனவளுக்குச் சோறு போட நீ சாகணுமா? ஒரு இலைக்காகவா? மூளைய எங்கடி வச்சிட்டு வந்த?"

போலீஸ்காரருக்கு மொழி தெரியாவிட்டாலும் விஷயம் புரிந்து தள்ளிப் போய் நின்றுகொண்டார். இவர் நிறுத்தவில்லை. வண்டியை இடித்தது, பிரேக்கை மிதித்தது, மூன்று வருஷத்துக்கு முன் கராஜ் கதவை உடைத்தது, சாம்பார் உப்பு, எல்லாம் வந்தது. ஆறு வருஷப் பாக்கி. திட்டிக்கொண்டே என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார், வளையல் அழுந்தி வலித்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் நான் அழுகிறேன் என்று நினைத்தார். அக்கா, நான் சிரித்துக்கொண்டிருந்தேன். நீ தினம் தினம் வாங்கியதில் எனக்கு அன்றைக்குத்தான் ஒரு பங்கு கிடைத்தது.

வீட்டுக்கு வந்தபோது மணி பதினொன்று. ஃப்ரீஸரில் இருந்த வாழை இலையை அனு வெளியே எடுத்து வைத்திருந்தாள். வீடியோவில் அத்தைக்கு எல்லாம் சொல்லியும்விட்டாள். அத்தை என்னைத் திரைக்கு முன்னால் வரச் சொன்னார். அப்புறம், "வழக்கத்த உண்டாக்கினவங்க ஐஸையா பாத்தாங்க? நீ உட்காரு" என்றார். அப்போதும் தயங்கினேன். அனு என் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். "யூ சிட். நான் சர்வ் பண்றேன்."

பாயசத்தை முதலிலும் உப்பைக் கடைசியிலும் வைத்தாள். குங்குமத்தை நெற்றிக்குப் பதில் புருவத்தில் வைத்தாள். புடவையை எடுத்து என் கையில் கொடுத்தபோதுதான் எனக்கு நான் தோண்டிய குழி தெரிந்தது. அந்தப் பாசிப்பயறுப் பச்சை. கட்டிக்கொண்டு வந்து நின்றேன். அனு உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவர் பார்த்துவிட்டு, "கண்றாவியா இருக்கு" என்றார். சிரி, நன்றாகச் சிரி.

பொறாமை போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அனு கத்தினாளே, அந்தக் குரல் உன்னுடையதாம், அவர் சொன்னார். அதற்கும் எரிந்தது. ஆனால் ஒன்று. உன் இடத்தைப் பிடிக்கப் பார்த்து ஒரு பாலத்தில் உன்னை மாதிரியே போகப் பார்த்தேன். போயிருந்தால் உன் மகள் இரண்டாவது தடவையும் தனியாக நின்றிருப்பாள். எனக்கு எதில் உன்னோடு போட்டி போடக் கூடாது என்று தெரிந்துவிட்டது.

அனு வண்டி ஓட்டிப் பழகப் பர்மிட் வாங்கிவிட்டாள். இத்தனை நாள் அவளைப் பனியில் ஓட்ட விடமாட்டேன் என்றிருந்த அவர் இறங்கி வந்திருக்கிறார். அடுத்த பனிக்கு, காலியான பார்க்கிங் லாட்டில் வழுக்கிப் பழகப் போகிறோம், அவளும் நானும் சேர்ந்து. கற்றுத்தரப்போவது அவர். நிச்சயம் திட்டுவார்.

உனக்கு இரண்டு வாக்குத் தருகிறேன். அடுத்த வருஷம் உனக்கு மயில் நீலம். உனக்குப் பிடித்த நிறம் எது என்று ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அனுவிடம் கேட்டேன். இன்னொன்று, அன்றைக்கு ரோட்டில் ஐஸ் இருந்தால் உன் இலை மறுநாள்தான். உன் மகளையோ அவரையோ மாலாவையோ உனக்காகப் பாலத்தில் ஏற்ற மாட்டேன், நானும் ஏற மாட்டேன். ஒரு நாள் பசியோடு இரு. வீட்டில் எல்லாரும் உள்ளேயே இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்.

உன்னைவிட நான்கு வயது மூத்துவிட்ட
உன் தங்கை,
ஜெயந்தி