உம் நதீமுக்குக் கொடுத்த சீட்டுகள்

அக்டோபர் 11, செவ்வாய்

இன்றும் எண்பத்து மூன்று சதவீதத்தில் மின்சாரம் போய்விட்டது.

பணம் இருக்கும் வாலட் கோப்பு கணினியில் திறக்கக் கிட்டத்தட்ட நாலு மணி நேரம் வேண்டும். எங்கள் தெருவுக்கு ஜெனரேட்டர்க்காரன் கொடுப்பது மூன்று. மடிக்கணினியின் பேட்டரி செத்து ஒரு வருடம் ஆகிறது. பாதியில் அணைந்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறது, சனியன்.

வங்கிகள் கைவிரித்த பிறகு, வெளிநாட்டில் இருக்கும் எங்கள் திரிப்போலிக்காரர்கள் ஊரார் மருந்துக்கான பணத்தை என் மருந்தகத்துக்குப் பிட்காயினாகத்தான் அனுப்புகிறார்கள். அவ்வளவும் இந்த ஒரு கோப்புக்குள். பச்சைக் கோடு ஊர்வதைப் பார்த்துக்கொண்டே கண் சொருகிவிட்டது. கோடு கடைக்கு வெளியே இறங்கி மீனா துறைமுகம் வரை போவதாகக் கனவு. நான் செருப்பில்லாமல் பின்னாலேயே நடக்கிறேன்.

அக்டோபர் 12

எழுபத்தொன்பது.

அக்டோபர் 13, வியாழன்

உம் நதீம் வந்தார். மொன்றியாலில் இருக்கும் நதீமின் அம்மா என்பதால் ஊரே அவரை அப்படித்தான் அழைக்கும்; மாற்றுச் சிறுநீரகத்தோடு ஆறு வருடமாக நடமாடுகிறவர். அதைக் காக்கும் மாத்திரை இங்கே கிடைப்பதில்லை, கடலுக்கு அக்கரையில் மெர்சினிலிருந்து படகில் வர வேண்டும்.

"ஒன்பது நாளுக்குத்தான் இருக்கு ஹியாம்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு எப்போதும் போல, "நதீமுக்கு ஒரு சீட்டு கிழிச்சுக் குடும்மா. இந்த மாசம் அனுப்புறானாம்."

கிழித்துக் கொடுத்தேன். பணம் அனுப்ப ஒவ்வொரு முறையும் புது முகவரி. முன்கூட்டியே ஆயிரக்கணக்கில் உண்டாக்கி அச்சடித்து வைத்திருக்கிறேன்; கொடுக்கும்போது யார் பெயருக்கு என்று மட்டும் கணினியில் குறிப்பேன். யார் கொடுத்தார், எவ்வளவு என்று இன்னொருவருக்குத் தெரியக் கூடாது. நானும் பார்ப்பதில்லை. அதுதான் இங்கே மரியாதை.

மெர்சின்காரர் புதன்கிழமைக்குள் பணம் கேட்கிறார். இல்லையென்றால் வெள்ளிக்கிழமைப் படகில் ஏற்ற மாட்டாராம். கோப்பு திறக்கவில்லையென்றால்? உம் நதீமிடம் எந்த முகத்தோடு சொல்வேன்?

அக்டோபர் 14

சித்தி மகன் வஸீம் வந்து பார்த்தான். முன்பு வங்கியில் கணினிப் பிரிவில் இருந்தவன்.

"எத்தனை முகவரி வச்சிருக்கே?"

"தெரியாது."

"கேக்குறவங்களுக்கெல்லாம் கல்யாணப் பத்திரிகை மாதிரி நீட்டியிருக்கே. திறக்கிறப்பல்லாம் வாலட் அது ஒவ்வொண்ணையும் ஞாபகம் வச்சு, ஏதாவது வந்திருக்கான்னு பழைய கணக்கெல்லாம் புரட்டிப் பாக்கணும். பாவம், அதுக்கும் உசிருன்னு ஒண்ணு இருந்தா போயிருக்கும்."

ஒரு தடவையாவது முழுசாகத் திறந்தால்தான் எதுவும் செய்ய முடியுமாம்.

அக்டோபர் 17, திங்கள்

திறந்துவிட்டது.

துறைமுகத்து மீன் குளிர்கிடங்கில்தான் மின்சாரம் நிற்பதே இல்லை. காலையிலேயே வஸீமோடு அங்கே போனேன். "மீனுக்கு இருக்கிற யோகம் நமக்கில்ல" என்றபடி முதலாளி அபூ ஸலீம் எனக்கு ஒரு கம்பளிக் கோட்டும் கவிழ்த்த பெட்டியும் கொடுத்தார். உள்ளே எல்லாம் வெள்ளையாக, மெதுவாக இருந்தது. மூச்சு புகையாகப் போனது. பெட்டி பெட்டியாக மீன்கள் கண்ணை மூடாமல் என்னோடு பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தன. எண்பத்து மூன்று. எண்பத்து நான்கு. விழித்திருந்தேனா தூங்கினேனா தெரியாது. தொண்ணூற்று ஒன்பதில் வஸீம் தோளைத் தொட்டான்.

முதல் வேலையாக மெர்சினுக்குப் பணம் அனுப்பினேன்.

அதோடு விட்டிருக்கலாம். வஸீம் பட்டியலைப் பிரித்தான். இருபத்திரண்டாயிரம் முகவரிகள். அதில் பதினாலாயிரத்துக்கு ஒரு காசும் வந்ததில்லை. "காலியை மட்டும் தூக்கிட்டா ஒன்றரை மணி நேரத்துல திறக்கும்" என்று பெயர்வாரியாக அடுக்கினான்.

நதீம், நதீம், நதீம். இருபத்து நான்கு. இருபத்து நான்கும் காலி.

ஐயோ, நான் எதுக்குப் பாத்தேன்? பாக்கக் கூடாதுன்னு நானே வச்ச சட்டம்தானே. ரெண்டு வருஷமா மகன் பணம்னு நினைச்சுத்தான் அந்த அம்மா கையில மாத்திரைய வச்சேன். எல்லாம் மத்தவங்க அனுப்பின ஊர்க் காசு. மகன் அனுப்பலைன்னு அவருக்கும் தெரியும். தெரிஞ்சேதான் ஒவ்வொரு மாசமும் வந்து சீட்டு கேட்டிருக்கார் — வேற என்ன பண்ணுவார்? வெறுங்கையோட எப்படி வருவார்?

"தூக்கிடவா?" என்றான் வஸீம்.

என்றைக்காவது மொன்றியாலில் நதீம் ஒரு பழைய சீட்டைக் கண்டெடுத்து அனுப்பினால்? தூக்கிவிட்டால், யாரும் பார்க்காத முகவரியில் அல்லவா போய் விழும்.

"வேண்டாம்."

"பைத்தியம். அப்ப இனிமே புதுசாவது போடாதே."

அக்டோபர் 22

மாத்திரை வந்தது. நேற்றோடு உம் நதீமிடம் தீர்ந்திருந்தது.

அக்டோபர் 25

இனி காலி முகவரிகளையே திரும்பக் கொடுப்பது. மாதம் ஒரு நாள் மீன்களோடு உட்காருவது. அபூ ஸலீம் கோட்டை என்னிடமே விட்டுவிட்டார்.

நவம்பர் 3, வியாழன்

உம் நதீம் வந்தார். "ஒரு சீட்டு கிழிச்சுக் குடும்மா."

கிழிக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் நான் கொடுத்த முதல் முகவரியைக் கையால் எழுதி நீட்டினேன். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசி எழுத்துகளில் விரலை வைத்தார்.

"இது எங்கிட்ட இருக்கிறது மாதிரி இருக்கே."

என்னை நிமிர்ந்து பார்த்தார். நானும் பார்த்தேன்.

"பரவாயில்ல" என்றார். "இதுவே இருக்கட்டும்."

நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தார். மாத்திரை டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். இன்று மழை வருமா என்று பேசிக்கொண்டிருந்தோம்.