கட்டிலில் ஒரு சைலன்சர்

கோர்பினியன்,

"அப்பா, நம்ம கார் இவ்வளவு கத்துதே, உள்ளே மட்டும் ஏன் குளிருது?" என்று போன ஞாயிறு லேனி கேட்டாள். நீ மழுப்பினாய். பந்தய சைலன்சர் மாட்டுவதற்காக, காருக்குள் சூடான காற்று தரும் பெட்டிகளைக் கழற்றியது நீதானே! பின்சீட்டில் நடுங்கிய பக்கத்து வீட்டு கிரெஷென்ஸ் அம்மா, இந்த வாரம் பூசைக்கு நடந்தே வருவாளாம். இந்தப் பனியிலா?

நேற்று நீ இரவு வேலைக்குப் பஸ் ஏறியதும் பழையதையெல்லாம் நானே மாட்டிவிட்டேன். உன் பளபளப்புக் காதலி கட்டிலில், உன் போர்வைக்குள் படுத்திருக்கிறாள். கொஞ்சிக்கொள்! கோபம் வந்தால் முதலில் ஈரல் உருண்டை சூப்பைக் குடி. அடுப்பில் இருக்கிறது.

வால்புர்கா

பி.கு.: லேனி பிறந்து நான் எழ முடியாமல் கிடந்தபோது, தினமும் விடியுமுன் வந்து நம் கணப்பை மூட்டிவிட்டுச் சத்தமில்லாமல் போனவள் கிரெஷென்ஸ் அம்மாதான். இன்று காருக்குள் கதகதப்பாக வரட்டும். காரணம் கேட்டால் சொல்லாதே; ஆண்டவருக்குத் தெரிந்தால் போதும்.