கானாக்காரர் போட்டிருந்த கட்சிச் சட்டை

புதன் ராத்திரி, தெமோதரை.

எல்ல டவுன்லயிருந்து இன்னைக்கு என் ஆட்டோவுல வந்தவர் கானா நாட்டுக்காரர். அங்க ஆளும் கட்சியோட கிளைச் செயலாளராம். கட்சிச் சட்டையோடதான் வந்தார். "ஜெயிச்சதுல இருந்து ஊர்ல இதப் போட முடியல. போட்டுத் தாறேன்னு சொன்ன ரோடு எங்கன்னு ஆளுக பிடிச்சிக்கிறாங்க"ன்னு இங்கிலீஷ்ல சொல்லிச் சிரிச்சார். எனக்கும் சிரிப்புதான். நான் கொடி பிடிச்ச கட்சியும் இங்க ஜெயிச்சிருச்சு. என் கட்சித் தொப்பி பெட்டிக்கு அடியில கிடக்கு.

எங்க தோட்டத்து ரோட்டுல, தேயிலைக் கொழுந்த எடை போட்டுட்டு வந்த செல்வியக்கா, அவர் யாருன்னு கேட்டுச்சு. சொன்னேன்.

"அவங்க கட்சி அங்க தோட்டத்து ஆளுகளுக்கு வீடு கட்டிக் குடுத்துச்சான்னு கேளு தம்பி."

லீவுல வந்த மனுசன்கிட்ட அத எப்படிக் கேக்குறது? "சாப்பிட்டீங்களான்னு கேக்குறாங்க"ன்னு அவர்கிட்ட இங்கிலீஷ்ல சொன்னேன். அவர் சந்தோசமா அக்காவப் பாத்துத் தலையாட்டினார்.

"அங்கயாச்சும் நடக்குதே"ன்னு அக்கா முகமெல்லாம் சிரிப்பாப் போச்சு.

காலையில வேலைக்குப் பேர் குடுக்குற பெரட்டுல அக்கா எல்லார்கிட்டயும் சொல்லும். அப்புறம் நம்ம கட்சி எப்பக் கட்டும்னு என் வாசல்லதான் வந்து நிப்பாங்க.